பதுக்கல்காரன் வளர்த்த காடு

(காளவாசலில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, இந்த வருஷம் நீதான் பேசுற. டெக்னிக்கலா எதுவும் வேண்டாம்ப்பா. சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு. எல்லாருக்கும் புரியணும்" என்றார். சுரங்கம், அணை, டர்பைன் இவற்றைப் பற்றிப் பேசித்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. அதெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்னிடம் மிச்சமிருப்பது ஒரு பறவைதான். இமாசலப் பிரதேசத்தில் கின்னோர் மாவட்டத்தில், சட்லெஜ் ஆற்றங்கரையில் ஒரு நீர்மின் திட்டத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் குடியிருப்புக்கு மேலே இருந்த காட்டில் பழக்கமான பறவை அது. அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, படித்ததை எல்லாம் யாரிடம் சொல்வது என்று காத்திருந்தேன். இன்று நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் நம்ம ஊர்க் காக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அமாவாசைக்குச் சோறு வைத்தால் காக்கை வருகிறது, தின்கிறது. அதோடு நாம் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வயிறு நிறைந்ததும் ஒரு வடைத் துண்டைக் கவ்விக்கொண்டு போய் ஓட்டு இடுக்கிலோ, மாடித் தொட்டிக்குப் பக்கத்திலோ செருகும். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். ஒரு சருகை எடுத்து மேலே போட்டு மூடும். இன்னொரு காக்கை கவனித்துவிட்டால், சில சமயம் திரும்ப எடுத்து வேறிடத்தில் வைக்கும்.

இதற்கு நம் பாஷையில் பதுக்கல் என்று பெயர். அரிசியையும் மண்ணெண்ணெயையும் மனிதன் பதுக்கினால் குற்றம். காக்கை பதுக்கினால் அதைக் கெட்டிக்காரத்தனம் என்கிறோம். ஆனால் நம்ம ஊர்க் காக்கையின் பதுக்கல் ஒரு நாள், இரண்டு நாள் கணக்குத்தான். மதுரை வெயிலில் வடை அதற்கு மேல் தாங்காது! அதே காக்கைக் குடும்பத்தில் இமயமலையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், ஒரு குளிர்காலம் முழுவதற்கும், அதையும் தாண்டி அடுத்த கோடைக்கும் சேர்த்துப் பதுக்குகிறார். அவருக்கு ஆங்கிலத்தில் நட்கிராக்கர் என்று பெயர். கொட்டையை உடைப்பவன் என்று பொருள். தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் நான் பாக்குவெட்டிக் காக்கை என்று வைப்பேன்.

ஆள் எப்படி இருப்பார்? நம் காக்கையைவிடச் சற்றுச் சிறியவர். சாக்லேட் நிற உடம்பில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். வாலுக்கு அடியில் சுத்த வெள்ளை. உளி போல நேரான, கனமான அலகு. தேவதாரு மரத்தின் உச்சிக் கொம்பில் உட்கார்ந்து 'க்ராக்... க்ராக்...' என்று கரகரத்த குரலில் கத்துவார். இமயத்தில் இவரைப் போல இரண்டு வகை உண்டு. காஷ்மீர்ப் பக்கம் இருப்பவருக்குப் புள்ளிகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் ஓர் அண்ணன் இருக்கிறார். அமெரிக்காவின் ராக்கி மலையில் சாம்பல் நிறத்தில் ஒரு தம்பி இருக்கிறார். குடும்பம் முழுவதற்கும் தொழில் ஒன்றே: விதை சேர்ப்பது.

நவம்பருக்கு மேல் அந்த மலைகளில் பனி விழும். பூச்சி கிடையாது, பழம் கிடையாது, தரையே கண்ணில் படாது. பெரும்பாலான பறவைகள் கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும், அல்லது தெற்கே பறந்துவிடும். நம்ம கண்மாய்களுக்கு வரும் வாத்துக் கூட்டங்கள் அப்படி வருகிறவைதான். பாக்குவெட்டிக் காக்கை பெரும்பாலும் மலையை விடுவதில்லை. அதற்கு இருக்கும் தைரியம் மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கும் பைன் விதைதான்.

பைன் என்றதும் கொடைக்கானல்தானே நினைவுக்கு வரும்? ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, பைன் காட்டில் போட்டோ எடுத்துக்கொள்ளாத செட் நம் கல்லூரியில் கிடையாது. ஆனால் அந்தக் காடு மனிதன் நட்டது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்ந்த பைன் இல்லை. அடுத்த முறை போகும்போது கீழே கிடக்கும் காயைப் பிரித்துப் பாருங்கள். செதிலுக்குள் சின்ன விதை, அதற்கு ஒரு மெல்லிய இறக்கை. காற்றடித்தால் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டு தூரத்தில் போய் விழும். காற்றை நம்பிப் பிழைக்கும் மரம் அது.

பைன்களில் இன்னொரு சாதி இருக்கிறது. விதை பெரிது, கனமானது, எண்ணெய்ச் சத்து நிறைந்தது. இறக்கை கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். காற்று அதைத் தூக்காது. கின்னோரில் கல்பா, ரெக்காங் பியோ ஊர்களைச் சுற்றி வளரும் சில்கோசா பைன் அப்படிப்பட்ட மரம். தில்லிப் பக்கம் முந்திரி, பாதாமோடு விற்கும் சில்கோசா பருப்பு இதன் விதைதான். ஊர்க்காரர்கள் நியோசா என்பார்கள். ஒல்லியாக, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், பழுப்பு ஓடு போட்டு இருக்கும். வறுத்துத் தின்றால் நம்ம ஊர் நிலக்கடலை கோபித்துக்கொள்ளும், அவ்வளவு ருசி.

இப்போது ஒரு கேள்வி. காற்று தூக்காத விதை, மலைச்சரிவில் மரத்தடியிலேயே விழுந்தால் அம்மா மரத்தின் நிழலில் எப்படி வளரும்? உருண்டால் கீழ்நோக்கித்தான் உருளும். அப்படியிருக்க மேலே, பாறைச் சரிவிலும் முகட்டிலும் இதே மரம் எப்படி வந்தது? பைன் விதையை மேட்டுக்கு ஏற்றிய லிஃப்ட் எது? பதில், அந்தப் பதுக்கல்காரன்தான்.

இந்தத் தொழிலை எண்ணிக் கணக்கெடுத்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அமெரிக்கத் தம்பியைப் பற்றியும் ஐரோப்பிய அண்ணனைப் பற்றியும் நடந்தவை. அமெரிக்கப் பறவைக்கு கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்று பெயர். லூயிஸ், கிளார்க் என்ற இரு ராணுவ அதிகாரிகள் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்தபோது, 1805 ஆகஸ்ட்டில் கிளார்க் இதைக் கண்டு, மரங்கொத்தி வகை என்று எழுதி வைத்தார். 1811-இல் அலெக்சாண்டர் வில்சன் என்ற பறவை அறிஞர் அதைக் காக்கைக் கூட்டத்தில் சேர்த்து, கிளார்க்கின் பெயரையே வைத்தார். கிளார்க்கைக் குறை சொல்ல முடியாது. அந்த அலகைப் பார்த்தால் யாருக்கும் மரங்கொத்தி என்றுதான் தோன்றும்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். கோடை முடிவில் பைன் காய் முற்றுகிறது. பறவை அலகைச் செதிலுக்குள் விட்டு நெம்பி விதையை எடுக்கிறது. உடனே விழுங்குவதில்லை. அலகுக்குள் வைத்து கடகடவென்று ஆட்டிப் பார்க்கிறது. நம் அம்மாக்கள் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டுவார்களே, அதே சோதனை. உள்ளே பருப்பு இல்லாத பொக்கு என்று தெரிந்தால் தூக்கி எறிந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சரக்கு குடோனுக்குள் போகாது.

தேறிய விதை நாக்குக்கு அடியில் இருக்கும் ஒரு பைக்குள் போகிறது. காக்கைக் குடும்பத்திலேயே இந்தப் பை உள்ளவர்கள் இந்தக் கொட்டை உடைக்கும் கூட்டத்தார்தான். சுமார் 130 கிராம் எடையுள்ள அமெரிக்கப் பறவை, பின்யோன் பைன் விதையை ஒரு நடைக்கு 95 வரை அடைத்துக்கொண்டு பறந்ததை வான்டர் வால், பால்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1977-இல் பதிவு செய்தார்கள். தொண்டை புடைத்துக்கொண்டு, அம்மைக்கட்டு வந்த பையன் மாதிரி இருக்கும். அந்தப் பாரத்தோடு 22 கிலோமீட்டர் வரை போகிறது. இங்கே காளவாசலில் ஏறினால் உசிலம்பட்டி ரோட்டில் செக்கானூரணியைத் தாண்டிவிடலாம்.

போய்ச் சேர்ந்த இடத்தில், பெரும்பாலும் பனி குறைவாகத் தங்கும் தெற்குப் பார்த்த சரிவில், அலகால் மண்ணைக் கிளறி ஒரு குழிக்கு மூன்று நான்கு விதை வீதம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கிறது. மண்ணை இழுத்து மூடி, மேலே ஒரு குச்சியோ கல்லோ வைத்தாலும் வைக்கும். பிறகு அடுத்த குழி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்தால் ஓர் எலியோ அணிலோ வந்து மொத்தத்தையும் காலி பண்ணிவிடும். ஆகவே முதலீட்டைப் பிரித்துப் போடுகிறது. ஒரே சீட்டுக் கம்பெனியில் மொத்தப் பணத்தையும் கட்டக் கூடாது என்று நம்ம ஊர்க்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இந்தப் பறவை எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறது.

மொத்தம் எவ்வளவு தெரியுமா? ஒரு பறவை ஒரு பருவத்தில் 22,000 முதல் 33,000 பின்யோன் விதை வரை புதைக்கிறது என்பது அதே வான்டர் வால், பால்டா கணக்கு. வெள்ளைப்பட்டைப் பைன் என்ற இன்னொரு மரத்தின் விதை இதைவிடச் சிறியது. நல்ல விளைச்சல் வருடத்தில் அதில் 98,000 வரை புதைக்க முடியும் என்று ஹட்சின்ஸ், லானர் இருவரும் 1982-இல் மதிப்பிட்டார்கள். குழிக்கு நான்கு என்று வகுத்துப் பாருங்கள். பல்லாயிரம் குழி! ரிஜிஸ்டர் கிடையாது, மேப் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது.

திரும்ப எடுக்கத் தெரியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஐரோப்பாவில் பனியில் தெரியும் தோண்டிய தடங்களை எண்ணிப் பார்த்தபோது, பத்துத் தோண்டலில் எட்டுக்கு மேல் குறி தப்பாமல் இருந்தது. ஒரு மீட்டர் பனியைக் குடைந்துகொண்டு போய்ச் சரியாக விதையின் மேல் இறங்குகிறது. வாசனை பிடித்துப் போகிறதா? அதைச் சோதிக்க 1982-இல் வான்டர் வால் ஓர் அருமையான பரிசோதனை செய்தார். கூண்டுக்குள் மணல் பரப்பி, கல்லும் கட்டையும் அங்கங்கே வைத்து, பறவைகளைப் புதைக்க விட்டார். அவை வெளியே போனதும், அரங்கின் ஒரு பாதியில் இருந்த கல், கட்டை அத்தனையையும் 20 சென்டிமீட்டர் நகர்த்தி வைத்தார். திரும்பி வந்த பறவைகள் அந்தப் பாதியில் விதை இருந்த இடத்தில் தோண்டவில்லை. சரியாக 20 சென்டிமீட்டர் தள்ளித் தோண்டின! நகர்த்தாத பாதியில் குறி தப்பவில்லை. ஆக, வாசனை இல்லை. சுற்றியுள்ள அடையாளங்களிலிருந்து தூரமும் திசையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

சிவில் படித்தவர்களுக்கு இப்போது சிரிப்பு வரும். இது சர்வே கேம்ப்தானே! நாம் பெஞ்ச்மார்க் கல்லை வைத்து அளவெடுக்கிறோம். அது பாறையையும் விழுந்த மரத்தையும் வைத்து அளவெடுக்கிறது. 1997-இல் கேமில், ஜோன்ஸ் என்ற இருவர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார்கள். இரண்டு அடையாளங்களை நட்டு, அவற்றின் நடுப்புள்ளியில் விதையைப் புதைத்துப் பறவைக்குப் பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பறவை அதுவரை பார்த்திராத அளவுக்கு மாற்றினார்கள். அப்போதும் அது புதிய நடுப்புள்ளிக்கே போய்த் தோண்டியது. தூரத்தை மனப்பாடம் செய்யவில்லை. நடு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்டிருக்கிறது. நம்ம வகுப்பில் ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கேள்வியில் எண்ணை மாற்றியதும் விழித்தவர்கள் யார் யார் என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. முன் வரிசையில் இருக்கிறார்கள்!

இன்னொரு சோதனையில் 285 நாள் கழித்தும் அவை தம் குழிகளை நினைவில் வைத்திருந்தன. ஒன்பது மாதத்துக்கும் மேல். அரியர்ஸ் எழுதியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

குடும்ப வாழ்க்கையையும் இந்தப் பதுக்கல்தான் நிர்ணயிக்கிறது. மற்றப் பறவைகள் வசந்தம் வந்து பூச்சி பெருகட்டும் என்று காத்திருக்கும்போது, இவை குளிர் விடுவதற்கு முன்பே, பனி கிடக்கும்போதே கூடு கட்டத் தொடங்கிவிடும். முட்டை இரண்டு முதல் நான்கு. அந்தக் குளிரில் முட்டையைச் சிறிது நேரம் தனியே விட்டாலும் போச்சு. ஆகவே ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஆணுக்கும் அடிவயிற்றில் அடைகாக்கும் வெற்றுத் தோல் உண்டு; காக்கைக் குடும்பத்தில் அது அபூர்வம். பெண் எழுந்தால் தன் குழிகளைத் தேடிப் போகும், ஆண் எழுந்தால் தன் குழிகளைத் தேடிப் போகும். யார் புதைத்தது யாருக்கு நினைவிருக்கிறதோ அவர்தான் போய் எடுக்க முடியும்! குஞ்சுக்கு ஊட்டுவதும் போன வருடத்து விதைதான். இப்படி முந்திப் பிறப்பதால் அடுத்த இலையுதிர் காலத்துக்குள் குஞ்சுக்குத் தொழில் கற்றுக்கொள்ள நாள் கிடைக்கிறது. பெற்றோர் பின்னாலேயே மாதக்கணக்கில் அலைந்து, பார்த்துப் பார்த்துப் பழகும். இது சர்டிபிகேட் கொடுக்காத அப்ரண்டிஸ்ஷிப். தேறிவிட்டால் நீண்ட ஆயுள். வளையமிட்டு விட்ட ஒரு பறவை 17 வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறது.

நான் சொல்ல வந்த விஷயம் இப்போதுதான் வருகிறது. முதலில் சொன்ன 22,000 முதல் 33,000 விதை என்பது அதன் குளிர்காலத் தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு. நான் பார்க்கும் வேலையில் ஒருவர் தேவைக்கு மூன்று மடங்கு சரக்கு வாங்கி அடுக்கினால் ஆடிட்டர் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். பறவைக்கு ஏன் இந்த வீண் செலவு? எலி திருடும். பனி அதிகம் விழுந்து சில குழிகள் எட்டாமல் போகும். அடுத்த வருடம் மரம் காய்க்காமல் ஏமாற்றலாம். எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகப் புதைக்கிறது. நல்ல வருடத்தில் அந்தக் கூடுதல் மிச்சப்படுகிறது. மிச்சப்பட்ட விதை, சரியான ஆழத்தில், வெளிச்சம் படும் சரிவில், மண் மூடி, ஈரத்தோடு கிடக்கிறது. வசந்தத்தில் முளைக்கிறது. பறவை மறந்துபோனதால் காடு வந்தது என்று கதை போலச் சொல்வார்கள். அப்படியல்ல. அதற்கு மறதி குறைவு என்று இப்போதுதானே பார்த்தோம். அது தேவைக்கு மேல் சேமித்ததால் வந்த காடு அது.

மரத்தின் பக்கம் இருந்தும் பாருங்கள். நம்ம ஊர் வேப்பமரம் காக்கைக்கும் மைனாவுக்கும் பழச் சதையைக் கொடுக்கிறது. கொட்டையை அவை துப்பிவிடும், அல்லது எச்சத்தோடு போடும். சதை கூலி, கொட்டை மரத்துக்கே மிச்சம். இந்தப் பைனிடம் கூலி கொடுக்கச் சதை கிடையாது. விதையேதான் கூலி. அதாவது வேம்பு வட்டியைக் கொடுத்து வேலை வாங்குகிறது. பைன் முதலையே எடுத்துக் கொடுக்கிறது. நூறு கொடுத்து, அதில் பெரும்பகுதி தின்னப்பட்டுப் போக, எஞ்சிய சிலவற்றில் வம்சம் வளர்க்கிறது. இவ்வளவு நட்டத்துக்கு ஏன் சம்மதிக்கிறது? காற்று எறிந்த விதை பாறைமேல் விழுந்து காயும். பறவை புதைத்த விதை முளைக்கத் தக்க இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வெள்ளைப்பட்டைப் பைன் முற்றினாலும் தன் காயைத் தானாகத் திறப்பதே இல்லை. பறவை வந்து பிளந்தால்தான் உண்டு. அவ்வளவு நம்பிக்கை!

மனிதனுக்கு இது புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஆல்ப்ஸ் மலையில் அரோலா பைன் என்ற மரம் உண்டு. அதன் விதையை இந்தக் காக்கை தின்று காட்டை அழிக்கிறது என்று சொல்லி, சுட்டுக் கொன்றவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்த காலம் இருந்தது. பிறகுதான் அந்த மரத்தை மலை முகடு வரை நட்டுக்கொண்டு போனதே அது என்று வனக்காரர்களுக்குத் தெரிந்தது. 1914-இல் தொடங்கிய சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவின் சின்னம் இன்று இந்தப் பறவைதான். திருடன் என்று பட்டம் கட்டியவர்களே வாசலில் படம் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு கை தளர்ந்தால் என்ன ஆகும்? மரம் காய்க்கவில்லையென்றால் பறவை ஊரைவிட்டுக் கிளம்பும். 1968-இல் சைபீரியாவிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி மேற்கு ஐரோப்பா முழுவதும், இங்கிலாந்து வரைகூட, பசியோடு வந்து இறங்கின. அது ஒரு வருடத்துப் பஞ்சம். அமெரிக்காவில் நடந்துகொண்டிருப்பது அதைவிடப் பெரிது. ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு 1910 வாக்கில் ஒரு பூஞ்சணநோய் அந்தக் கண்டத்தின் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. பட்டையில் கொப்புளம் போடும் துரு நோய். அதோடு பட்டை துளைக்கும் வண்டும் சேர்ந்துகொள்ள, வெள்ளைப்பட்டைப் பைன் காடு காடாகச் செத்தது. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை ஆபத்துக்குள்ளான மரங்களின் சட்டப் பட்டியலில் சேர்த்தது.

இதில் பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 1,000 காய்க்குக் கீழே விளைச்சல் குறைந்தால், அந்தக் காட்டுக்குப் பறவை வந்து விதை எடுத்துப் போகும் என்று நம்ப முடியாது என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பத்து மரம் இருக்கும், நூறு காய் இருக்கும், ஆனாலும் வராது. கூலி கட்டுப்படியாகாத இடத்துக்கு ஆள் வருவாரா? அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால், நிற்கிற மரமும் பிள்ளையில்லாத மரம்தான். பாலம் ஒரேயடியாக விழுவதில்லை. ஒரு எல்லையைத் தாண்டிய பிறகுதான் விழுகிறது. அதே கதை.

இப்போது அங்கே வனத்துறையினர் நோய் தாங்கும் மரங்களைத் தேடிப் பிடித்து, உச்சிவரை ஏறி, காய்களுக்குக் கம்பிவலைப் பை கட்டுகிறார்கள். ஏன்? பறவை கொத்திக்கொண்டு போகாமல் இருக்க! பிறகு அந்த விதையைப் பறித்து, நர்சரியில் நாற்று வளர்த்து, மலையேறி ஒவ்வொன்றாக நடுகிறார்கள். காசு வாங்காமல் பல்லாயிரம் வருடமாக நட்டுக்கொண்டிருந்தவனிடமிருந்து விதையைக் காப்பாற்றி, சம்பளம் கொடுத்து ஆள் வைத்து நடவேண்டிய நிலைமை.

நம் தேசத்துக்குத் திரும்புவோம். கின்னோர் சில்கோசாவுக்கு அந்த நோய்தான் வரவேண்டும் என்பதில்லை. விலை போதும். செப்டம்பர், அக்டோபரில் காய் திறப்பதற்கு முன்பே, ஆட்கள் மரத்தில் ஏறிக் கிளையோடு சேர்த்து வெட்டி இறக்குவார்கள். ஒரு மரத்தில் ஒரு காய் மிஞ்சினாலும் அதிசயம். காய் முற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வெட்டிய கிளையோடு அடுத்த வருடத்துப் பிஞ்சும் போய்விடும். ஊர்க்காரர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். மலைச்சரிவில் துண்டு நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பருப்புத்தான் பிள்ளையின் பள்ளிச் செலவு, கல்யாணச் செலவு. காட்டில் விளைந்ததை எடுக்கும் உரிமையும் அவர்களுக்குப் பரம்பரையாக உண்டு.

டீக்கடையில் பழக்கமான ஒரு பெரியவரிடம், "நியோசாவை நீங்கள் நடுவதில்லையா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஆப்பிள் என் அப்பா நட்டது. அதற்கு உரம், மருந்து எல்லாம் வாங்குகிறேன். நியோசாவை யாரும் நட்டதில்லை பேட்டா. அது இருந்தது" என்றார். அந்த 'இருந்தது' என்ற சொல்தான் என்னைப் படிக்க வைத்தது. தலைக்கு மேலே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தவன் கணக்கில் வரவேயில்லை. காட்டில் கிழட்டு மரங்கள் இருக்கின்றன, இளங்கன்றுகள் மிகக் குறைவு என்பது அங்கே ஆய்வு செய்த எல்லோரும் சொல்வது. உலக அளவிலான பட்டியலிலும் சில்கோசா, ஆபத்தை நெருங்கும் மரமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நாற்று வளர்த்து நடலாம். ஆனால் அது ஆமை வேகத்தில் வளரும் மரம். ஆகவே வனத்துறையினரும் விஞ்ஞானிகளும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மரத்துக்கு நாலு காயை விட்டுவிடுங்கள், கிளையை வெட்டாமல் காயை மட்டும் கொக்கியால் பறியுங்கள். நாலு காய் என்பது தானமல்ல, நடவு ஆளுக்குக் கொடுக்கும் கூலி.

காளவாசல்காரனுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். காளவாசல் என்றாலே சூளை. ஒரு காலத்தில் விறகைத் தின்ற ஊரின் பெயர் இது. இன்று பஸ், ஆட்டோ, மேம்பாலம். ஆனாலும் பைபாஸ் ரோட்டு ஓரத்திலும், நாகமலை அடிவாரத்திலும், நம் கல்லூரிச் சுற்றுச்சுவர் ஓரத்திலும் நிற்கும் வேம்பில் எத்தனை மனிதன் நட்டது, எத்தனை காக்கையும் மைனாவும் குயிலும் போட்டது என்று என்றாவது எண்ணியிருக்கிறோமா? நம் சங்கம் வருடா வருடம் மரம் நடு விழா நடத்துகிறது. மிகவும் நல்ல காரியம், தொடர வேண்டும். ஆனால் விழாவுக்கு முதல் நாள் மைதானத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று, சுவரோரம் தானாக முளைத்து நிற்கும் வேப்பங்கன்றுகளைக் களை என்று பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் விலைக்கு வாங்கிய கன்றை நட்டு, போட்டோ எடுத்து, கூண்டு வைக்கிறோம். தானாக வந்த கன்றுக்கு அந்த மண் பிடித்திருக்கிறது, அது தண்ணீர் கேட்கவில்லை என்பதுதான் அதற்கான தகுதிச் சான்று.

ஆகவே முதல்வர் அவர்களுக்கும் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். இந்த வருடம் நடுவதோடு, என்.எஸ்.எஸ். மாணவர்கள் ஒரு சனிக்கிழமை வளாகத்தைச் சுற்றி வந்து, தானாக முளைத்த கன்றுகளை எண்ணட்டும். கட்டடச் சுவரைப் பிளக்கும் ஆலையும் அரசையும் பெயர்த்து ஏரிக்கரைக்குக் கொண்டு போகட்டும். மற்றவற்றுக்கு ஒரு குச்சி ஊன்றி, 'இதைப் பிடுங்காதீர்கள்' என்று ஒரு சிவப்புத் துணி கட்டட்டும். செலவு ஒரு முழத் துணி. துணிக்கு நான் பொறுப்பு.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போவீர்கள். தேவைக்கு மேல் இருப்பதை எல்லாம் வேஸ்ட் என்று கழிக்கச் சொல்லி உங்களுக்குப் பாடம் நடக்கும். இயந்திரத்துக்கு அது சரி. காட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. அந்த வேஸ்ட்தான் அடுத்த தலைமுறை மரம். எதைக் கழிக்கலாம், எதை விட்டு வைக்கலாம் என்று தெரிந்தவன்தான் நல்ல இன்ஜினியர் என்று நான் நினைக்கிறேன்.

சாப்பாட்டு வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. செயலாளர் அண்ணன் இரண்டாவது தடவை வாட்சைப் பார்த்துவிட்டார். பந்தியில் வடை மிஞ்சினால் மாடிச் சுவரில் வைத்துவிட்டு வாருங்கள். நம்ம ஊர்ப் பதுக்கல்காரர்கள் காத்திருக்கிறார்கள்.